கடன்பட்ட ஊருக்கு எங்கள் உபயம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கையின் மகன். அவனை விட்டுவிட்டு நான் என் பிள்ளைகளை ஒருநாளும் எண்ணுவதில்லை.

மூன்றாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. இந்தப் பத்திரிகைக்கு வாரம் ஒன்று, கோடு போட்ட கொப்பியில் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். பத்திரிகைத் தம்பிமார் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறார்கள். விசயத்தைத் திருத்தக் கூடாது என்று முதல் கிழமையே சொல்லிவிட்டேன். போன கிழமை கந்தோர்கள், அதாவது அலுவலகங்கள், கழுவித் துடைத்த காலத்தை எழுதினேன். இந்தக் கிழமை ஒரு பழைய கூட்டத்தைப் பற்றி.

பாரிசில் லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் பின்னால் நீளமான ஓர் அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றியத்தின் வருடக் கூட்டம். மடக்குக் கதிரைகள், கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி, சூடு ஆறிய மீன் றோல். சமையல் ஆவி கண்ணாடியில் படிந்து, தெருவில் போகிறவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள்.

தலைவர் சிவம் கடைசியாக, "வேறை விசயம் ஏதும்?" என்று கேட்டார். அது ஒப்புக்குக் கேட்கிற கேள்வி. எல்லாரும் குளிர்க்கோட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"என்ன மாமி, தேத்தண்ணி காணாதோ?"

"தேத்தண்ணி காணும் தம்பி. ஒரு ஊர் கடனிலை தாண்டு மூழ்குது. நாங்கள் ஏதும் செய்யவேணும்."

"எந்த ஊர் மாமி? எங்கட பக்கமோ?"

"அயர்லாந்து."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு குரல்: "மாமி, அது வலிகாமத்திலையோ தீவுப்பக்கத்திலையோ?"

"தீவுப்பக்கம்தான். சுத்தவரக் கடல்," என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அறை முழுக்கச் சிரித்தது. நான் உட்காரவில்லை.

ஒன்றியம் என்றால்

வெளியாட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் எத்தனை ஊர் உண்டோ, லா சப்பலில் அத்தனை ஒன்றியம் உண்டு என்று சொல்வார்கள். அங்கே ஒழுங்கைக்குத் தார் வேண்டும், வாசிகசாலைக்குக் கூரை வேண்டும், பொதுக் கிணற்றுக்குக் கட்டு வேண்டும் என்றால் தொலைபேசி இங்கேதான் வரும். சிவம் பற்றுச்சீட்டுக் கொப்பியோடு புறப்படுவார். கடைக்காரர், கோப்பை கழுவுகிற பெடியள், பிள்ளை பார்க்கிற பெண்கள் எல்லாரும் கொடுப்பார்கள்.

கொடுத்தால் பெயர் போட வேண்டும். அது எங்கள் ஆட்களின் வழக்கம். இருக்க வாங்கு போட்டால் வாங்கில் பெயர், விசிறி கொடுத்தால் விசிறியில் பெயர். எங்கள் கோயிலில் ஒரு குழல்விளக்கு இருந்தது. "உபயம்" என்று தொடங்கி, கொடுத்தவரின் பெயர், தகப்பன் பெயர், இருக்கிற நாடு எல்லாம் கறுப்பு மையில் எழுதியதில் பாதி வெளிச்சம் வெளியே வராது. பூசகர் அதன் கீழ் நின்றுகொண்டு வெளிச்சம் போதாது என்பார்.

நான் சிரித்தாலும், ஒருமுறை என் பெயரும் ஒரு விசிறியில் சுற்றியது. அது சுற்றும்போது வாசிக்க முடியாது என்பது எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

கதவைத் தள்ளினேன்

என் மூன்றாவது மகள் வதனி அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்னப் பட்டினத்தில் இருக்கிறாள். அதன் பெயர் என் வாயில் ஒழுங்காக வராது. ஆகவே வதனியின் ஊர் என்றே எழுதுகிறேன். மருமகனுக்கு முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. உலகம் முழுக்க வங்கிகள் ஆட்டம் கண்ட நாட்களுக்குப் பிறகு, ஒரு சித்திரை மாதம் நான் அங்கே போனேன்.

போன மறுநாள் தனியாகக் கடைத்தெருவுக்கு நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நிலக்கரிப் புகை மணம். ஒரு கடைக் கண்ணாடியில் தோடம்பழங்கள், கோவா, பாண் எல்லாம் அடுக்கியிருந்தன. பேத்திக்கு இரண்டு தோடம்பழம் வாங்குவோம் என்று கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. திரும்பவும் தள்ளினேன். கண்ணாடிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால், அத்தனையும் படம். கடதாசியில் அடித்து ஒட்டியிருந்தார்கள். பக்கத்துக் கடையும் படம். அதற்குப் பக்கத்தில் தையற்கடை, அதுவும் படம். தையற்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வதனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, பூட்டின கடையள் வடிவில்லை எண்டு பட்டினசபை ஒட்டினது. முந்தி உண்மையான கடைதான்."

"ஏன் பூட்டினவை?"

"வாங்கச் சனமில்லை. வயர் செய்யிற தொழிற்சாலை ஒண்டு இருந்தது, அதையும் பூட்டிப்போட்டினம். பெடி பெட்டையள் கனடா, ஒஸ்திரேலியா எண்டு போட்டினம்."

"அப்ப பட்டினசபை என்ன செய்யுது?"

"அதுவே கடனிலை கிடக்கு. ஊருக்குப் புறத்தாலை ஒரு பெரிய வளவு, கம்பி அடிச்சுப் புல்லு முளைச்சுக் கிடக்கே, பாத்தனீங்களே? வீடு கட்டவெண்டு விலை உச்சத்திலை நிக்கேக்கை கடனெடுத்து வாங்கினது. ஒரு கல்லும் வைக்கேல்லை."

சபைக் கட்டிடத்தின் மேலே பெரிய மணிக்கூடு ஒன்று இருந்தது. நான் நின்ற மூன்று கிழமையும் அதில் நாலு இருபதுதான். திருத்துவதற்கும் காசில்லையாம்.

ஒரு ஊருக்குக் கடன் வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆளுக்குக் கடன் வரும், கடைக்கு வரும், நாட்டுக்கும் வரும் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். ஊருக்கு எப்படி வரும்? வட்டிக்காரன் யாருடைய படலையில் வந்து நிற்பான்? அந்தக் கேள்வி என்னோடு பாரிசுக்கு வந்தது.

மஞ்சள் கோட்டு

ஆனால் முதலில் வதனியின் வேலையைச் சொல்ல வேண்டும். பட்டினசபை கொடுத்த வேலை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நாலு தெரு சந்திக்கிற இடம். கால்மட்டும் நீண்ட மஞ்சள் கோட்டு, தொப்பி, கையில் நீளத் தடி, தடியின் நுனியில் "நில்" என்று இங்கிலீசில் எழுதிய வட்டப் பலகை. காலையும் பின்னேரமும் பிள்ளைகளைத் தெருக் கடத்திவிட வேண்டும்.

ஒரு காலை நான் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். மரக்குற்றி ஏற்றிய லொறி ஒன்று இறக்கத்தில் வந்தது. வீட்டளவு உயரம். வதனி தெருவின் நடுவுக்கு நடந்தாள், ஓடவில்லை. தடியை ஊன்றினாள், மற்றக் கையை நீட்டினாள். லொறி பெருமூச்சு விட்டு நின்றது. மழைத்தண்ணி அதன் மூக்கிலிருந்து சொட்டியது. பிள்ளைகள் இரண்டு இரண்டாகக் கை கோத்துக் கடந்தார்கள். நடுவில் என் பேத்தி ஆரணி, சிவப்புச் சப்பாத்து. தாயைத் தெரியாதவள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போனாள். வேலை நேரத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாதாம்.

கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறும்வரை வதனி கையை இறக்கவில்லை. லொறிக்காரன் கண்ணாடியை இறக்கி அவளுக்கு ஏதோ சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

சின்ன வயதில் வீட்டு வாசலில் மாடு நின்றாலும் பயந்து பின்பக்கத்தால் வருகிற பிள்ளை அவள். நான் அன்றைக்கு அந்த மழைக்குள் கனநேரம் நின்றேன்.

ஊருக்கு யார் கடன் கொடுத்தது?

பாரிசுக்குத் திரும்பியதும் மிஸியே அருளப்பனைத் தேடிப் போனேன். அவர் பாண்டிச்சேரிக்காரர். பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில், ஊர்ச் சபைகளின் வரவு செலவைப் பார்க்கிற ஒரு கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமைகளில் ரூ பஜோல் தெருவில் நடக்க வருவார். எப்போதும் கழுத்தில் சால்வை, கையில் மடித்த பத்திரிகை.

"மதாம், நம்ம வரியிலதாங்க ஊர் ஓடுது," என்றார். "கடைக்காரன் வரி கட்றான். அத வச்சு சபை விளக்குப் போடுது, தெருவப் பெருக்குது. கடை மூடிட்டான்னா வரி எங்கேர்ந்து வரும்?"

"சோலைவரியைச் சொல்லுறியள்," என்றேன். எங்கள் பக்கத்துப் பட்டினசபை வீட்டுக்கும் கடைக்கும் வாங்குகிற வரி அது.

"அதேதான். வரி கொறஞ்சா, மிச்சம் இருக்கிற கடைக்கு வரிய ஏத்துவான். தாங்க முடியாம அவனும் மூடுவான்."

"அப்ப வளவு வாங்கக் காசு குடுத்தது ஆர்?"

"பேங்க், அரசாங்கம்."

"அரசாங்கத்துக்கு?"

"அவங்களும் தடுமாறிட்டாங்க. மத்த நாடுங்க குடுத்துச்சு. நம்ம பிரான்சும் சேர்த்திதான்."

நான் நடையை நிறுத்திவிட்டேன். "அப்ப நான் குடுத்ததும் அதுக்குள்ளை இருக்கோ? நான் சீனி வாங்கினாலும் வரி கட்டுறன்."

அவர் சால்வையை இழுத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு சொட்டு இருக்கும் மதாம். மறுக்க முடியாது."

அந்த ஒரு சொட்டு எனக்குப் போதுமாக இருந்தது.

"ஆர்ரை ஊர் றோட்டு?"

கோடை முடிந்ததும் வதனி தொலைபேசியில் வந்தாள். குரல் சரியில்லை. அடுத்த வருடச் செலவைச் சபை குறைக்கிறதாம். சந்தியில் நிற்கிற வேலையைத் தை மாதத்தோடு நிறுத்தப் போகிறார்களாம். சந்திக்கு விளக்கு போடவும் காசில்லை. முடிவெடுக்கிற கூட்டத்துக்கு இன்னும் சில கிழமை இருந்தது.

"எனக்கு வேறை வேலை தேடலாம் அம்மா. ஆனா அந்த இறக்கத்திலை லொறி வாற வேகத்துக்கு, சின்னன்கள் என்னெண்டு கடக்கிறது?"

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கையை உயர்த்தினேன்.

சிரிப்பு அடங்கியதும், அந்தச் சந்தி வேலைக்குச் சம்பளம் சேர்த்து அனுப்புவோம் என்றேன். சிவம் மரியாதையாகத்தான் சொன்னார். "மாமி, இது எங்கட ஊருக்கெண்டு சேர்த்த காசு. வெள்ளைக்காரன்ரை பட்டினசபைக்கு நாங்கள் சம்பளம் குடுக்கிறதோ?"

பின்வரிசைக்காரர் விடவில்லை. "அவையின்ரை சனமும் அமெரிக்கா, லண்டன் எண்டு இருக்குத்தானே? அவைக்கு ஒரு ஒன்றியம் இல்லையோ?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றேன். "இருந்தா இந்நேரம் பற்றுச்சீட்டுக் கொப்பியோடை வெளிக்கிட்டிருப்பினம்."

"அப்ப நாங்கள் ஏன் வெளிக்கிடவேணும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, நான் இஞ்சை லா கூர்னெவுக்கு வந்த புதிசிலை, பள்ளிக்கூட வாசல்லை ஒரு மனிசி நிண்டு என்ரை பிள்ளையளைத் தெருக் கடத்திவிட்டவ. பெயரும் தெரியாது, பாசையும் தெரியாது. அவவுக்குச் சம்பளம் ஆர் குடுத்தது? எங்கட ஒன்றியமோ? உன்னையும் அப்பிடி ஒரு மனிசிதான் கடத்திவிட்டிருப்பா. அப்ப நீ ஆர்ரை ஊர் றோட்டிலை நிண்டனி?"

அவர் றோலை எடுத்துக் கடித்தார்.

கடைசியில் சிவம் ஒரு வழி சொன்னார். ஒன்றியக் காசைத் தொடுவதில்லை. விரும்பியவர்கள் தனியாகப் போடலாம். பலகாரத் தட்டைத் துடைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். பின்வரிசைக்காரர் போட்டுவிட்டு, "பற்றுச்சீட்டு வேணும்," என்றார். சிவம் கொப்பியில் அச்சடித்திருந்த எங்கள் ஊர்ப் பெயரை வெட்டி, அதற்கு மேலே வதனியின் ஊரின் பெயரை எழுதினார். ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதினார்.

"ஆனா ஒண்டு மாமி," என்றார். "பெயர் போடவேணும். உபயம் இன்ன ஊர் மக்கள், பிரான்ஸ் எண்டு. போடாட்டி நாளைக்கு எனக்குத்தான் பேச்சு."

எங்கே போடுவது என்று அரைமணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில், நில் என்கிற பலகையின் பின்பக்கம் என்று முடிவானது.

மிஸியே அருளப்பன்தான் கடிதம் எழுதினார். அவருக்குத் தெரிந்த சர்க்கார் பாசை பிரெஞ்சு, பிரெஞ்சிலேயே எழுதினார். காசோலையை வைத்து ஒட்டி அனுப்பினோம். அயர்லாந்தில் யார் பிரெஞ்சு வாசிப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடிதம் போன இடம்

பத்து நாள் கழித்து வதனி தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? ஊர் முழுக்க உதுதான் கதை!"

சபையில் ஒருவருக்கும் கடிதம் விளங்கவில்லையாம். பெரிய வகுப்புகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற ரீச்சரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் வகுப்பில் வைத்தே வாசித்திருக்கிறார். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செலவைக் குறைக்கிற கூட்டத்தன்று சபை மண்டபத்தில் நிற்க இடமில்லையாம்.

"எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை," என்றாள். "அந்த உபயம் எண்டதை ரீச்சர் மூண்டுதரம் விளங்கப்படுத்தினவ."

"சிரிச்சவையோ?"

"முதல் சிரிச்சவை. பிறகு சபையிலை இருக்கிற ஒரு வயசான மனிசன் எழும்பி, மேலை நிண்டுபோய்க் கிடக்கிற மணிக்கூட்டுக்குப் பின்னாலை ஒரு பித்தளைத் தகடு இருக்கெண்டு சொன்னார். இந்த ஊரிலையிருந்து அமெரிக்கா போன ஆக்கள் காசு சேர்த்துக் குடுத்த மணிக்கூடாம். எல்லாற்றை பெயரும் அதிலை இருக்காம். அவற்றை அப்பப்பாவின்ரை பெயரும்."

அவர்களுக்கும் ஒன்றியம் இருந்திருக்கிறது! தகடும் இருந்திருக்கிறது. பின்வரிசைக்காரருக்கு அன்றைக்கே தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

காசோலை திரும்பி வந்தது. வெளியார் பணத்தில் சபை ஆள் வைக்கச் சட்டமில்லை என்றும், மிகவும் நன்றி என்றும் ஒரு கடிதம். காலை வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பின்னேர வேலை போய்விட்டது. வதனிக்குச் சம்பளம் பாதியானது. கடனும் அப்படியே இருந்தது. எங்கள் கடிதம் ஒரு கடையையும் திறக்கவில்லை.

பின்னேரத்தில் பெற்றோர் முறை வைத்து நின்றார்கள். எப்படி நிற்பது, எப்படிக் கை காட்டுவது என்று வதனி அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். ஆனால் சபையின் மஞ்சள் கோட்டை மற்றவர்கள் போடக்கூடாதாம். கறுப்புக் கோட்டோடு மாரி இருட்டில் நின்றால் லொறிக்காரனுக்கு என்ன தெரியும்?

காசைத் திரும்ப வாங்க இங்கே ஒருவரும் ஒப்பவில்லை. சபைக்குத்தான் சட்டம், பள்ளிக்கூடப் பெற்றோருக்கு இல்லையே என்று மிஸியே அருளப்பன் சொன்னார். சிவமும் நானும் லா கூர்னெவில் மொத்தமாக விற்கிற ஒரு கிட்டங்கிக்குப் போய்ப் பத்து மஞ்சள் கோட்டு வாங்கினோம்.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டிக்கு உள்ளேயும் சிவப்பு நூலால் "உபயம்" என்று நானே தைத்தேன். மூன்று நாள் எடுத்தது. எனக்குக் கையெழுத்து வடிவில்லை, தையல் அதைவிட மோசம். வெளியில் தெரியாத இடத்தில் தைத்ததற்குச் சிவம் முணுமுணுத்தார். "கழுத்திலை படுமெல்லே, அது காணும்," என்றேன்.

கதிரையில் இருப்பவள்

சில வருடம் போனதும் அந்தப் பட்டினசபையையே இல்லாமல் செய்துவிட்டார்கள். எல்லாவற்றையும் பெரிய சபையோடு சேர்த்தாயிற்றாம். கடன் யாரிடம் போனது என்று கேட்டேன். வதனிக்குத் தெரியவில்லை. மிஸியே அருளப்பனும் தாள் தாளாக விளக்கிவிட்டு, கடைசியில் தோளைக் குலுக்கினார். எனக்கு இன்னும் அறிய ஆசைதான்.

ஆரணி படிப்பு முடித்து, அங்கே வேலை இல்லாமல், போன வருடம் என்னிடம் பாரிசுக்கு வந்தாள். சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். மழை என்றால் போடுவதற்கு ஒரு மஞ்சள் கோட்டு கொண்டுவந்திருக்கிறாள். பள்ளிக்கூட அலுமாரியில் பழசாய்க் கிடந்ததைக் கேட்டு வாங்கினாளாம். இப்போது அது கதவில் தொங்கித் தண்ணி சொட்டுகிறது. உள்பட்டியில் என் சிவப்பு நூல் கொஞ்சம் வெளிறிப்போய்க் கிடக்கிறது.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும், மெதுவாக. எனக்கும் அவசரமில்லை.

"ஆரணி, தலையைத் துவட்டிப்போட்டு இஞ்சை இந்தக் கதிரையிலை வந்து இரு. இந்தக் கொப்பியை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு பிள்ளை. பிழை இருந்தால் சொல்லு, திருத்துவம். லொறி நிண்ட இடம் மட்டும் நான் எழுதின மாதிரியே இருக்கட்டும். முதல் அங்கையிருந்து வாசி."